தலைக்காய நோயாளியோடு பேசுவதும் செவிலியப் பணியே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சி – இராமேசுவரம் நெடுஞ்சாலையிலும் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ச் சாலைகளிலும் நடக்கும் இருசக்கர வாகன விபத்துகளைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கம் தவறாமல் வெளியிடுகிறது. "தலையில் பலத்த காயமடைந்த அவர் மேல்சிகிச்சைக்காக மதுரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கப்பட்டார்" என்ற வரியோடு பெரும்பாலும் செய்தி முடிந்துவிடும். அவர்களில் உயிர் பிழைத்து, ஒரு பக்கக் கை காலோ நான்குமோ விழுந்துபோய், பேச்சும் இல்லாமல், கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ கண்டனூரிலோ ஒரு பெரிய வீட்டின் உள்ளறைக் கட்டிலுக்குத் திரும்பி வருகிறவர்களைப் பற்றி எழுதவே இக்கடிதம். அரசு மருத்துவமனைகளில் செவிலியராகவும், பிறகு செவிலிய மாணவியருக்குப் பயிற்றுநராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த நோயாளிகளுக்கு மருந்தும் கிடைக்கிறது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடவும் ஆள் இருக்கிறது. ஆனால் அவர்களோடு முறையாகப் பேசுவதை யாரும் பணியாகக் கருதுவதில்லை. அதைப் பணியாகக் கருத வேண்டும், கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், வீட்டுக்கு அனுப்பும் முன் குடும்பத்துக்குக் கற்றுத்தர வேண்டும் என்பதே என் முறையீடு.

வார்டில் ஷிஃப்ட் மாறும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "ஹெட் இஞ்சுரி, ஜிசிஎஸ் எட்டு, ட்ரக்கியாஸ்டமி, ரைல்ஸ் ட்யூப், பேக் கேர் முடிஞ்சது" (தலைக்காயம், நினைவு மதிப்பெண் எட்டு, தொண்டைத் துளையில் குழாய், மூக்கு வழியாக உணவுக் குழாய், முதுகுப் பராமரிப்பு முடிந்தது) என்று ஒரு செவிலியர் இன்னொருவரிடம் ஒப்படைப்பார். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒப்படைப்பு முழுவதும் நோயாளியின் தலைக்கு மேலாகவே நடக்கும். அவர் முகத்தைப் பார்த்து "ராத்திரி டியூட்டி முடிஞ்சுச்சு, இனி இவங்க பார்த்துக்குவாங்க" என்று சொல்ல யாருக்கும் தோன்றாது. நினைவில்லாதவரிடம் என்ன சொல்வது என்பதுதான் எல்லோருடைய எண்ணமும்.

நினைவில்லை என்று நாம் எதை வைத்து முடிவு செய்கிறோம்? 1974இல் கிளாஸ்கோ நகரின் மூளை அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் இருவர் வகுத்த ஜிசிஎஸ் என்ற அளவுகோலைத்தான் இன்றுவரை எல்லா இடத்திலும் பயன்படுத்துகிறோம். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருப்பவருக்கு மூச்சு பெரும்பாலும் குரல்நாண் வழியாகப் போவதில்லை. ஆகவே அவர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பேச்சுக்குரிய மதிப்பெண் வராது. கேஸ் ஷீட்டில் அதற்கென ஒரு குறியீடு இடுவோம். ஆனால் வெளியே வராந்தாவில் நிற்கும் மனைவியின் காதில் விழுவது "ஸ்கோர் குறைவாத்தான் இருக்கு" என்பது மட்டுமே. அவர் உள்ளே வந்து அழுதுவிட்டுப் போவார், பேசமாட்டார்.

2006இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். சாலை விபத்துக்குப் பிறகு எந்தத் தூண்டலுக்கும் அறிவோடு பதில் தராத நிலையில் இருந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பிறகு தன் வீட்டின் அறைகளுக்குள் நடந்து போவதாக நினைக்கச் சொன்னார்கள். நலமாக உள்ளவர்களின் மூளை எப்படி இயங்குமோ அப்படியே அந்தப் பெண்ணின் மூளையும் இரண்டுக்கும் வெவ்வேறாக இயங்கிக் காட்டியது. 2024இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், சொன்னதைச் செய்யாத 241 நோயாளிகளைச் சோதித்ததில் 60 பேருடைய மூளை கட்டளையைப் புரிந்துகொண்டு இயங்குவது தெரிந்தது. நால்வரில் ஒருவர்! எல்லா நோயாளியும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் அந்த நால்வரில் ஒருவர் எந்தக் கட்டிலில் இருக்கிறார் என்பதை நம் வார்டில் நின்றுகொண்டு சொல்ல முடியாது என்பதால், எல்லோருக்கும் காது கேட்கிறது என்று கொண்டு நடப்பதே பாதுகாப்பான முறை.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். "பேச்சு நின்னு போச்சு" என்று ஊரில் ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். காரணங்கள் பல, பேச வேண்டிய விதமும் அதற்கேற்ப மாறும். மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் பெரும்பாலும் வலக் கை கால் விழும். பெரும்பாலோருக்கு மொழியும் அங்கேதான் இருப்பதால் அஃபேசியா என்கிற மொழியிழப்பு வரலாம். 1861இல் பாரிசில் புரோகா என்ற மருத்துவர் கண்ட நோயாளிக்கு "டான்" என்ற ஓசை தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை, வலப்பக்கமும் செயலிழந்திருந்தது, ஆனாலும் பிறர் சொல்வதில் பெரும்பகுதியை அவர் புரிந்துகொண்டார். இன்னொரு வகையினர் சரளமாகப் பேசுவார்கள், பேச்சில் பொருள் இருக்காது. நாம் சொல்வதும் அவர்களுக்குச் சரியாக எட்டாது. வலப்பக்க மூளை அடிபட்டவருக்குப் பேச வாய் இருக்கும், ஆனால் இடப்பக்க உலகமே கவனத்தில் இல்லாமல் போகலாம். இடப்பக்கம் நின்று பேசுகிறவரை அவர் அலட்சியம் செய்கிறார் என்று குடும்பத்தார் மனம் வருந்துவார்கள். நாற்காலியை வலப்பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலே பாதி வருத்தம் தீரும். மூளைத்தண்டு அடிபட்டவருக்கோ அறிவு முழுமையாக இருந்தும் கண் தவிர எதுவும் அசையாமல் போகலாம். இந்த நான்கு வகையினரையும் ஒரே மாதிரி உரத்த குரலில் "தாத்தா, கேக்குதா?" என்று கத்திக் கேட்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவர்களில் ஒருவருக்கும் காதில் கோளாறு இல்லை. கோளாறு உள்ளவராயின் அவருடைய காது மெஷினும் மூக்குக் கண்ணாடியும் ஆஸ்பத்திரிப் பையின் அடியில் கிடக்கும். அவற்றை எடுத்து மாட்டிவிடுவதே முதல் சிகிச்சை.

செவிலிய மாணவியருக்கு நோயாளியோடு பேசும் முறை பாடமாகவே உண்டு. செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று 1952இல் ஹில்டகார்ட் பெப்லா எழுதியதிலிருந்து உலகெங்கும் அது பாடத்திட்டத்தில் இடம் பிடித்தது. நோயாளி மனம் திறந்து பேசும்படி விரிவான கேள்விகளாகக் கேட்க வேண்டும், ஆம் இல்லை என்று முடியும் கேள்விகளைத் தவிர்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுப்போம். மொழி இழந்தவர் முன்னால் இந்த விதி தலைகீழாகிவிடும். "எப்படி இருக்கீங்க, என்ன செய்யுது?" என்ற கேள்வி அவருக்கு ஏற முடியாத மலை. "வலிக்குதா?" என்று கேட்டு நிறுத்த வேண்டும். மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். அடிபட்ட மூளைக்கு அந்த நேரம் தேவை. நாமோ மூன்றாவது நொடியிலேயே "தண்ணி வேணுமா? திருப்பிப் படுக்கணுமா? ஃபேன் போடவா?" என்று அடுத்தடுத்துக் கேட்டு, அவர் எதற்குத் தலையசைத்தார் என்றே தெரியாமல் செய்துவிடுகிறோம். தலையசைப்பையும் நம்புவதற்கில்லை, நம்மவர்கள் தலையை ஆட்டுவதில் ஆம், இல்லை, பார்க்கலாம் மூன்றும் உண்டு. கண் சிமிட்டலும் தானாக நடப்பது. ஆகவே ஆம் என்றால் கண்ணை மேலே தூக்குவது, இல்லை என்றால் சற்று நேரம் மூடிக்கொள்வது என்று ஒன்றை முடிவு செய்து, அதை எல்லா ஷிஃப்டும் எல்லா உறவினரும் கடைப்பிடிக்க வேண்டும். அந்த ஆம், இல்லை நம்பத்தக்கதுதானா என்பதை, விடை தெரிந்த கேள்விகளை முதலில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்: "உங்க ஊர் மானாமதுரையா?", "உங்க ஊர் தேவகோட்டையா?"

மொழி கெடாமல் குரல் மட்டும் போனவருக்கு எழுத்து அட்டை பெரிய துணை. ஆங்கிலத்தில் 26 எழுத்து. தமிழில் 247 எழுத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்பார்கள். நம் இலக்கணமே அதற்கு வழி வைத்திருக்கிறது. உயிர் 12, மெய் 18. மெய்யில் வல்லினம், மெல்லினம், இடையினம் ஆறாறாக மூன்று வரிசை. ஒரு அட்டையில் நான்கு வரியாக எழுதிக்கொண்டு, "உயிரா, வல்லினமா, மெல்லினமா, இடையினமா?" என்று மெதுவாகக் கேட்டால், வேண்டிய வரி வரும்போது அவர் கண்ணை மேலே தூக்குவார், பிறகு அந்த வரியின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும். மெய் கிடைத்ததும் அதனோடு சேரும் உயிரையும் அதேபோல், குறிலா நெடிலா என்று தொடங்கிக் கேட்க வேண்டும்.

அந்தக் கடைசிப் படியை விட்டுவிடக் கூடாது என்பதை எங்கள் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் கண்டேன். மூளைத்தண்டில் அடிபட்டு, தொண்டைக் குழாயோடு வீடு திரும்பியிருந்த பெரியவர் அவர். மெய்யெழுத்து மூன்று வரியை மட்டும் காலண்டர் அட்டையின் பின்புறம் மருமகள் எழுதி வைத்திருந்தார். பெரியவர் முதலில் மெல்லினத்தில் ம காட்டினார். அடுத்து வல்லினத்தில் க. இரண்டு எழுத்து வந்ததுமே, "அப்பச்சி மகனைத் தேடுறாக" என்று வீடே கலங்கிவிட்டது. உடனே சிங்கப்பூருக்கு வீடியோ கால் போட்டு மகனை எதிரே காட்டினார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கோபம் என்றார்கள், மகன் மீது மனவருத்தம் என்றார்கள். இணைப்பைத் துண்டித்த பிறகு மருமகள் மறுபடியும் அட்டையை எடுத்து, பொறுமையாக மூன்றாவது எழுத்தைக் கேட்டார். ப. முகப்பு! விபத்துக்கு முன் காலையிலும் மாலையிலும் தெருவைப் பார்த்து உட்காரும் முகப்பில் தன் கட்டிலைப் போடச் சொல்லியிருக்கிறார். வளவு என்கிற உள்முற்றத்தை ஒட்டிய இருட்டறையில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருந்தாரோ. அன்று சாயங்காலமே கட்டிலை நகர்த்திப் போட்டார்கள். அட்டையில் உயிர் வரிசையும் ஏறியது.

பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களுக்கும் மொழியிழப்பு உள்ளவர்களுக்கும் எழுத்து அட்டை உதவாது. அவர்களுக்குப் படங்கள் வேண்டும். கடையில் விற்கும் படங்கள் அல்ல. அந்த வீட்டுத் தம்ளர், அந்த வீட்டுப் போர்வை, பேரப்பிள்ளையின் முகம் என்று கைபேசியில் எடுத்து அச்சிட்டால் சீக்கிரம் அடையாளம் தெரியும்.

எப்படி அழைக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஐம்பது ஆண்டு ஒரு பெரிய குடும்பத்தை நடத்திய ஆச்சியை, வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன பெண் "பாப்பா, வாயைத் தொற, நல்ல புள்ளைல்ல" என்று கொஞ்சுவது அன்பினால்தான். ஆயினும் கை கால் போனவருக்கு மிஞ்சியிருப்பது மரியாதை ஒன்றே. அதையும் சேர்த்து எடுத்துவிடுகிறது அந்தக் கொஞ்சல். வீட்டில் அவரை ஆச்சி என்கிறார்களா, ஆத்தா என்கிறார்களா, ஐயா என்கிறார்களா என்று அனுமதிக்கும் நாளிலேயே கேட்டுத் தலைமாட்டில் எழுதி ஒட்டிவிடலாம். ஏஜென்சி மூலம் வீட்டுக்கு வரும் பணிப்பெண்களில் சிலருக்குத் தமிழே தெரிவதில்லை. அவர்களுக்கு வேறெதுவும் கற்றுத்தர முடியாவிட்டாலும் இந்த ஒரு விளியையும், தொடுவதற்கு முன் சொல்ல வேண்டிய "திருப்புறேன்", "துடைக்கிறேன்", "ஊசி போடுறேன்" என்ற சொற்களையும் கற்றுத்தரலாம். செயலிழந்த பக்கத்தில் பலருக்குத் தொடு உணர்ச்சியும் இருக்காது. அந்தப் பக்கமாக வந்து சொல்லாமல் புரட்டினால், கட்டிலிலிருந்து விழுவது போல் திடுக்கிடுவார்கள். செவிலியருக்கு நேரம் ஏது என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுகிறோம், வாய் துடைக்கிறோம், குழாய் வழியாக ஆகாரம் தருகிறோம். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. செய்கிற வேலையை அவருக்குச் சொல்லிக்கொண்டே செய்தால் போதும். இன்று என்ன கிழமை, மணி என்ன, எந்த ஊரில் இருக்கிறார் என்பதும் அதிலேயே சேர்ந்துவிடும். தலைக்காயத்தின் குழப்பத்தில் கட்டிலை உதறி எழ முயல்கிறவருக்கு இது மிக அவசியம்.

ஒரே ஒரு சமயத்தில் பேசக் கூடாது. வாய்வழியாக உணவு தொடங்கிய புதிதில், அவர் விழுங்கும்போது கேள்வி கேட்டால், பதில் சொல்ல முயன்று உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அப்போது டிவியையும் நிறுத்திவிட வேண்டும். நாள் முழுவதும் டிவி ஓடுவதைத் துணை என்று பலர் நினைக்கிறார்கள். அது களைப்பைத்தான் தரும்.

இனி நம் பக்கத்து வழக்கம் ஒன்று. நோய்ப்பட்டவரைப் பங்காளிகளும் தாயபிள்ளைகளும் வந்து விசாரிக்காமல் இருப்பது பெரும் குறையாகிவிடும் ஊர் இது. வருகிறார்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலையும் பழத்தையும் வைக்கிறார்கள், பிறகு கட்டிலைச் சுற்றி நின்று, "எப்படி இருந்த மனுஷன், இப்படிக் கிடக்குறதுக்குப் போயிருக்கலாம்" என்று படுத்திருப்பவரின் காதருகே பேசுகிறார்கள். வைத்தியச் செலவும் வீட்டுப் பங்கும் அங்கேயே பேசப்படும். அவர் கண்ணில் நீர் வழியும். மூளைக்காயத்தால் காரணமின்றி அழுகையோ சிரிப்போ வருவது உண்மையிலேயே உண்டு. மருத்துவர்கள் அதற்கு மருந்தும் தருவார்கள். ஆனால் எல்லா அழுகையையும் அந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இதற்கு நேர்மாறாக, "அடுத்த திருவிழாவுக்கு எந்திரிச்சு நடந்துருவீங்க" என்று உறுதி சொல்வதும் கெடுதிதான். திருவிழா வந்து போன பிறகு, சொன்னவர்கள் எவர் பேச்சையும் அவர் நம்பமாட்டார். "போன வாரம் விரல் அசையலை, இந்த வாரம் அசையுது" என்று கண்ணால் கண்டதைச் சொன்னால் போதும்.

பிள்ளைகள் வெளிநாட்டிலும் சென்னையிலுமாக இருக்கும் நம் வீடுகளுக்குப் பயன்படும் செய்தி ஒன்று. அமெரிக்காவில் 2015இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், நினைவு திரும்பாத 15 தலைக்காய நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, குடும்பத்தார் தங்கள் குரலில் பழைய நிகழ்ச்சிகளைச் சொல்லிப் பதிவு செய்ததை நாளுக்கு 4 முறை, 6 வாரம் கேட்கச் செய்தார்கள். அவர்களிடம் விழிப்பும் மூளையின் செயல்பாடும் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தென்பட்டன. 15 பேரை வைத்து எதையும் முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் வீடியோ காலில் "அப்பச்சி, என்னைத் தெரியுதா?" என்று பரீட்சை வைப்பதைவிட, பிள்ளையார்பட்டிக்கு நடந்து போன கதையையோ திருமணத்தன்று பந்தல் சரிந்த கதையையோ சில நிமிடம் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது எவ்வளவோ மேல், செலவும் இல்லை.

அரசிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 முதல் நடக்கிறது. அதே ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகப் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். வீட்டுக்கு வருகிற அந்தக் குழு கை காலை நீட்டி மடக்கிக் காட்டுவதோடு, ஆம், இல்லை சைகையையும் அட்டையையும் குடும்பத்துக்குப் பழக்கிவிட்டால் பெரும் உதவியாக இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே, "இவருக்குப் புரிகிறது, ஆம் என்பதற்கு இந்தச் சைகை, இந்தப் பக்கம் நின்று பேசவும்" என்று தமிழில் எழுதித் தர வேண்டும். தலைக்காய நோயாளிகள் தங்கும் மாவட்ட அளவிலான மருத்துவமனைகளில், பெரியவர்களுக்கென்றே பேச்சுப் பயிற்சியாளர் இருக்க வேண்டும். அஃபேசியாவால் வரும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாட்டை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியாக ஏற்றிருக்கிறது. கை கால் குறைபாட்டுக்கு மட்டும் சான்று வாங்கிவரும் குடும்பங்கள் இதையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம்.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். மேலே சொன்ன நான்கு வரி எழுத்து அட்டையைத் தங்கள் நாளிதழ் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் பக்கத்தில் அச்சிட வேண்டும். எழுத்துகள் கை நீளத் தொலைவிலிருந்து தெரியும்படி பெரிதாகவும், உயிர் வரிசையில் குறில் ஐந்தும் நெடில் ஏழும் தனித்தனியாகவும் இருக்கட்டும். பின்பக்கம் விளம்பரம் எதுவும் வராமல் பார்த்துக்கொண்டால், கத்தரித்து அட்டையில் ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் பயிற்றுநர்,
காரைக்குடி.